ஓய்ந்த தச்சரின் உயில்

கப்பல் கட்டிய கைகள் – 17

1765 மே 7. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், மெட்வே ஆற்றங்கரையில் உள்ள சாத்தம் அரச கப்பல்தளத்தில் ‘விக்டரி’ நீரில் மிதந்தது. ஆறு ஆண்டுகளாக நடந்த வேலை. ஏறத்தாழ ஆறாயிரம் மரங்கள், பெரும்பாலும் ஓக். சென்ற வாரம் அந்தக் காட்சியோடு நிறுத்தியிருந்தோம்.

நாற்பது ஆண்டு கழித்து அந்தக் கப்பலின் மேல்தளத்தில் குண்டடிபட்டு விழுந்த கடற்படைத் தளபதி நெல்சனைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். அதன் விலா மரங்களை வாச்சியால் செதுக்கியவர்களுக்கு வயதானபோது என்ன ஆயிற்று? அவர்கள் கண்ணை மூடிய பிறகு வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது? இதைக் கேட்டவர்கள் குறைவு. எனக்கு அந்தக் கேள்விதான் பெரிதாகப் படுகிறது.

முதலில் வரவைப் பார்த்துவிடலாம். அரச தளங்களில் கப்பல் தச்சரின் நாட்கூலி 2 ஷில்லிங் 1 பென்னி. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் வகுத்த இந்தத் தொகை நூறு ஆண்டுகள் அசையவே இல்லை. ரொட்டி விலை ஏறியது, வாடகை ஏறியது, கூலி மட்டும் நங்கூரமிட்டு நின்றது. வாரம் ஆறு நாள் என்று வைத்தால் ஆண்டுக்கு 32 பவுண்டு 10 ஷில்லிங். போர் மூண்டால் இரவும் பகலும் வேலை, கூடுதல் கூலி. சமாதானம் வந்தால் பழைய கணக்குக்கே திரும்ப வேண்டியதுதான்.

அந்தக் கூலியும் சனிக்கிழமை மாலை கையில் விழுவதில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தரம் பட்டுவாடா. அதுவும் தள்ளித் தள்ளிப் போகும். 1660களில், டச்சுக்காரர்களோடு நடந்த போரின்போது, ஓர் ஆண்டுக்கும் மேல் பாக்கி விழுந்த காலம் உண்டு. அதனால் தச்சர் குடும்பங்கள் முழுக்கக் கடன் கணக்கில் ஓடின. ரொட்டிக்கடைக்காரர், வீட்டுக்காரர், மதுக்கடைக்காரர் எல்லோரும் பட்டுவாடா நாளை நம்பிக் கொடுத்தவர்கள். தச்சர் ஒருவர் இறந்தால், அரசிடமிருந்து அவருக்கு வர வேண்டிய கூலி பாக்கிதான் பல வீடுகளில் எண்ணிப் பார்க்கக்கூடிய முதல் சொத்து. அவர் வைத்துவிட்டுப் போன கடைக்கடனும் அதே கணக்கின் மறுபக்கத்தில் நிற்கும்.

கூலி போக இன்னொரு வரவும் உண்டு. செதுக்கும்போது விழும் கட்டைத் துண்டுகளை வீட்டுக்கு எடுத்துப் போகும் பாத்தியம் அது. அடுப்புக்கு விறகாகும், விற்றால் காசாகும். நாளடைவில் நல்ல மரத்தையே அறுத்துத் துண்டாக்கி எடுத்துப் போகிறார்கள் என்று கடற்படை வாரியம் குற்றம்சாட்டியது. தோளில் சுமந்து போகலாமா, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகலாமா என்பது வரைக்கும் சண்டை நடந்தது. கடைசியில் 1801இல் அந்தப் பாத்தியத்தை நிறுத்திவிட்டுத் தச்சருக்கு நாளுக்கு 6 பென்ஸ் கொடுத்தார்கள். மனிதர் போனால் இந்த வரவும் போய்விடும். ஆனால் அந்தக் கட்டைகளைக் கொண்டு அவர் போட்ட அலமாரியும் படியும் கதவும் வீட்டில் நின்றன. உயில்களில் வீட்டுச் சாமான்கள் என்று ஒரே சொல்லில் அடங்கிப் போகிறவற்றில் இவையும் சேரும்.

சரி, வயதானால்? 1764 வரை கைவினைஞருக்கு ஓய்வூதியம் என்ற ஒன்றே கிடையாது. கை நடுங்கும் கிழவர்களையும் சம்பளப் பட்டியலில் வைத்திருப்பார்கள். எளிதான வேலை ஏதாவது கொடுத்து உட்கார்த்தி வைப்பார்கள். தளத்தில் சோம்பேறிகள் நிறைந்திருக்கிறார்கள் என்று அக்காலத்தில் குறை சொன்னவர்கள் இந்த முதியவர்களையும் சேர்த்தே எண்ணினார்கள். வேறு வழியற்ற நிலையில் மேற்பார்வையாளர்கள் காட்டிய இரக்கம் அது. அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1764இல், ‘விக்டரி’ தளத்தில் ஏறக்குறைய முடிந்து நின்ற அந்த வேளையில், முதல் முறையாகத் தச்சர்களுக்கு ஓய்வூதியம் வந்தது. ஆண்டுக்கு 20 பவுண்டு. நீண்ட காலம் உழைத்திருக்க வேண்டும். அதோடு ஐம்பது பேருக்கு ஒருவர் என்ற வரம்பும் இருந்தது. ஏற்கெனவே ஓய்வூதியம் வாங்கும் ஒருவர் இறந்து இடம் காலியானால்தான் அடுத்தவருக்கு வழி. அப்படி அது கிடைத்தவரும் தம் மூச்சு உள்ளவரை மட்டுமே வாங்கலாம். மனைவிக்கு அதில் ஒரு பென்னி கூடப் பாத்தியம் இல்லை. நாற்பது ஆண்டு சேர்ந்து வாழ்ந்த பெண், கணவரை அடக்கம் செய்த மறுநாள் முதல் அரசாங்கத்துக்கு யாரோ ஒருத்தி.

ஆதரவு தரும் அமைப்புகளே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஸ்பானியப் பெரும்படையை முறியடித்த சில ஆண்டுகளுக்குள் கடற்படை அதிகாரி ஜான் ஹாக்கின்ஸ் முன்னின்று ‘சாத்தம் பெட்டி’ என்ற நிதியை ஏற்படுத்தினார். மாலுமிகளின் சம்பளத்தில் மாதம் 6 பென்ஸ் பிடித்து, காயம்பட்டவர்களுக்குக் கொடுப்பது அதன் வேலை. அந்த இரும்புப் பெட்டி இன்றும் இருக்கிறது. அதற்கு ஐந்து பூட்டுகள், ஐந்து பேரிடம் சாவிகள், ஐவரும் வந்தால்தான் திறக்கும். 1592இல் அதே ஹாக்கின்ஸ் சாத்தத்தில் ஒரு தரும இல்லமும் கட்டினார். உழைத்துத் தளர்ந்த மாலுமிகளுக்கும் கப்பல் தச்சர்களுக்குமான இடம் அது. நல்ல மனத்தோடு எழுப்பியதுதான். ஆனால் முதலில் நினைத்தது பத்துப் பேருக்கு. தளத்தில் உழைத்தவர்களோ நூற்றுக்கணக்கில்.

ஆகவே தச்சர் தாமே ஏற்பாடு செய்தாக வேண்டும். அங்கேதான் உயில் வருகிறது.

பெரும்பாலான ஏழைத் தச்சர்கள் உயில் எழுதாமலே போனார்கள். எழுதியவர்களிலும் பலர் உடல்நலத்தோடு இருந்தபோது எழுதியதில்லை. படுக்கையில் விழுந்த பிறகு, எழுதத் தெரிந்த அண்டைவீட்டுக்காரரையோ பள்ளி ஆசிரியரையோ கூப்பிட்டு எழுத வைப்பார்கள். ஆண்டவன் பெயரில் தொடங்கி, உடல் நலிந்திருந்தாலும் நினைவு தெளிவாக இருக்கிறது என்று சொல்லி, ஆன்மாவை இறைவனிடமும் உடலை மண்ணிடமும் ஒப்படைத்துவிட்டு, அதன் பிறகுதான் வீட்டு விஷயத்துக்கு வருவார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர் கீறல் போடுவார். எழுதவும் நேரமில்லாதபோது வாயால் சொன்னதையும் சட்டம் ஒப்புக்கொண்டது. ஆனால் சொத்து 30 பவுண்டைத் தாண்டினால் மூன்று சாட்சிகள் வேண்டும் என்று 1677ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்பாடு வைத்தது.

உயிலை மெய்ப்பித்துத் தரும் வேலை தேவாலய நீதிமன்றங்களுடையது. 1858 வரை அப்படித்தான். சாத்தத்துக்கு ராச்செஸ்டர் மறைமாவட்ட நீதிமன்றம் பக்கம். சொத்து ஒன்றுக்கு மேற்பட்ட மறைமாவட்டங்களில் சிதறிக் கிடந்தால் கேன்டர்பரி பேராயரின் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அங்கே பதிந்த உயில்கள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றில் கப்பல் தச்சர்களுடையவையும் உண்டு.

ஒரு தச்சரின் உயில் எதற்காக என்று கேட்டால், பிள்ளைகளுக்குப் பங்கு பிரிக்க என்று நினைக்கத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உயில் இல்லாமல் போனால் சட்டம் என்ன செய்யும் என்று தெரிந்த ஒரு மனிதர், மனைவியை அந்தச் சட்டத்திலிருந்து காப்பாற்ற எழுதிய தாள் அது.

சட்டம் என்ன செய்யும்? பணம், சாமான், பாக்கிக் கூலி போன்ற அசையும் சொத்துக்கு 1670ஆம் ஆண்டுச் சட்டம் கணக்கு வகுத்திருந்தது. பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. நாற்பது பவுண்டு சொத்தில் மூன்றில் ஒரு பங்கு என்றால் ஒரு கைம்பெண்ணுக்கு அது எத்தனை மாதம் தாங்கும்? கட்டிலை மூன்றாகப் பிரிக்க முடியுமா? அதனால்தான் தச்சர்களின் உயில்களில், எல்லாவற்றையும் என் அன்பு மனைவிக்கு என்று ஒரே மூச்சில் எழுதி, அவளையே உயிலை நிறைவேற்றுபவளாகவும் நியமிப்பதை அடிக்கடி பார்க்கிறோம். பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு ஷில்லிங் என்று எழுதுவதும் உண்டு. அதைக் கோபம் என்று எப்போதும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மறந்து விட்டுவிட்டார் என்று நாளை எவரும் வழக்காடாமல் இருக்க அது ஒரு முன்னெச்சரிக்கை.

வீடும் நிலமும் வேறு கதை. இந்த இடத்தில் கென்ட் பகுதிக்கே உரிய ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தின் பிற பகுதிகளில் தகப்பனார் உயில் எழுதாமல் இறந்தால் நிலம் முழுவதும் பெரும்பாலும் மூத்த மகனுக்கே போகும். கென்ட்டில் அப்படி இல்லை. ‘கேவல்கைண்ட்’ என்ற பழைய வழக்கப்படி எல்லா மகன்களுக்கும் சமபங்கு. நார்மானியர்கள் வந்தும் அழியாமல் நின்ற வழக்கம் அது. 1925ஆம் ஆண்டுச் சட்டங்கள் வரும்வரை உயிரோடு இருந்தது. அன்றைய அரச தளங்களில் டெப்ட்ஃபோர்டு, வுல்விச், சாத்தம், ஷியர்னஸ் ஆகிய நான்கும் அந்நாளைய கென்ட் எல்லைக்குள் இருந்தவை. ஆகவே நாட்டுக்குக் கப்பல் கட்டியவர்களில் பெரும்பகுதியினரை இந்த வழக்கம் தொட்டது.

கேவல்கைண்ட்டில் கைம்பெண்ணுக்கும் தாராளமான பங்கு இருந்தது. பிற இடங்களில் கணவரின் நிலத்தில் மூன்றில் ஒரு பகுதியின் வருமானம்தான் அவளுக்கு, கென்ட்டில் பாதி. ஆனால் அதற்கு ஒரு முள் உண்டு. மறுமணம் செய்யாமலும் கற்போடும் இருக்கும்வரைதான் அந்தப் பாதி. இன்னொருவரை மணந்தால் போயிற்று.

இதைப் படிக்கும்போது கோபம் வருகிறது. வராமல் இருக்காது. ஆனால் தச்சர்கள் தாங்களே எழுதிய உயில்களிலும் ‘கைம்பெண்ணாக இருக்கும் காலம் மட்டும்’ என்ற நிபந்தனை வருகிறது. அதைப் பொறாமை என்று மட்டும் படித்தால் பாதிதான் விளங்கும். அன்றைய சட்டப்படி, ஒரு பெண் மணம் முடித்த நொடியில் அவளிடமிருந்த பணமும் சாமானும் புதுக் கணவருடையவை ஆகிவிடும். அவரது கடன்காரர் வந்து அவற்றைத் தூக்கிக்கொண்டு போகலாம். கூலி பாக்கியும் கடனுமாக வாழ்ந்த ஊரில் இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. முதல் கணவரின் பிள்ளைகள் தெருவில் நிற்பார்கள். ஆகவே வீடு மனைவிக்கு ஆயுள் உள்ளவரை, அல்லது மறுமணம்வரை. அதன் பிறகு பிள்ளைகளுக்கு என்று எழுதினார்கள். நம் ஊர்ப் பத்திரங்களில் வரும் ‘ஜீவிய பரியந்தம் அனுபவித்து’ என்பதும் இதே ஏற்பாடுதான்.

மகள்களைப் பற்றியும் அந்தப் பயம் இருந்தது. கொஞ்சம் வசதி உள்ளவர்கள், மகளுக்கு விட்டுப்போகும் பணத்தை நம்பகமான இருவர் கையில் ஒப்படைத்து, அதன் வருமானம் மகளின் தனி உபயோகத்துக்கு, மருமகனின் கடனுக்கு அதில் உரிமை இல்லை என்று எழுத வைத்தார்கள். சான்சரி நீதிமன்றம் இதை ஒப்புக்கொண்டது. மணமான பெண்ணுக்குத் தன் சொத்தைத் தானே வைத்துக்கொள்ளும் உரிமை முழுதாக வந்தது 1882இல். அதுவரை மகளைக் காக்க ஒரு தகப்பனுக்கு இருந்த கருவி இந்த ஒரு வாசகம்தான்.

இன்னொரு வாசகமும் மனதைத் தொடுகிறது. சிறு பிள்ளைகளுக்குக் காப்பாளர் யார் என்று தகப்பன் உயிலில் எழுதலாம் என 1660ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அனுமதித்தது. பெற்ற தாயாக இருந்தாலும் அவர் பெயரைச் சொல்லி நியமிப்பதுதான் பாதுகாப்பு. ‘பிள்ளைகளை வளர்க்க என் மனைவியை நம்புகிறேன்’ என்று ஒரு மனிதர் எழுதியாக வேண்டியிருந்த காலம் அது.

வீடு சொந்தமா குத்தகையா என்பதும் முக்கியம். தளத்தை ஒட்டி வளர்ந்த தெருக்களில் நீண்ட காலக் குத்தகை வீடுகள் பல. குத்தகை உரிமையைச் சட்டம் அசையும் சொத்தாகவே எண்ணியது. ஆகவே அது கேவல்கைண்ட்டில் சேராது. மண்ணில் ஊன்றி நிற்கும் வீடு கட்டில், பாத்திரத்தோடு ஒரே கணக்கில் வரும். இப்படிப்பட்ட வீட்டின் ஓர் அறையில் மனைவி இருந்துகொண்டு மற்ற அறைகளைத் தளத்து இளைஞர்களுக்கு வாடகைக்கு விட்டால், 20 பவுண்டு ஓய்வூதியம் தராத நிம்மதியை அது தரும்.

மிஞ்சிய பணத்தை வட்டிக்கு விட்டவர்களும் உண்டு. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் அரசுக் கடன் பத்திரங்கள் 3 சதவீத வட்டிக்கு வந்தன. 100 பவுண்டு போட்டால் ஆண்டுக்கு 3 பவுண்டு. நூறு பவுண்டு சேர்க்கத் தச்சருக்கு மூன்று ஆண்டு முழுக்கூலிக்கு மேல் வேண்டும். எத்தனை பேரால் முடிந்திருக்கும்? மற்றவர்களுக்கு நட்புச் சங்கங்கள் இருந்தன. வாரம் சில பென்ஸ் கட்டினால் நோய்க்காலத்தில் படி, இறந்தால் அடக்கச் செலவு, கைம்பெண்ணுக்கு ஒரு சிறு தொகை. மதுக்கடை மாடியில் கூடி, பெட்டியில் காசு சேர்த்த இந்தச் சங்கங்களுக்கு 1793இல்தான் சட்ட அங்கீகாரம் வந்தது. பிச்சைக்காரரைப் போலத் திருச்சபையின் செலவில் புதைக்கப்படக் கூடாது என்ற மானம் அந்தக் காசுகளில் இருந்தது.

கருவிப்பெட்டியைச் சொல்லாமல் விட முடியாது. வாச்சி, உளி, துரப்பணம், சுத்தி. பலகை இடுக்குகளை அடைக்கும் கலப்பத்துக்காரராக இருந்தால் கலப்பத்து உளியும் கட்டைச் சுத்தியும். இவற்றை விலைக்கு விற்றால் பெரிதாக ஒன்றும் வராது. தொழிலுக்கு வந்த மகனுக்கு அவை முதலீடு. பிடியில் தகப்பனாரின் கை தேய்த்த பள்ளம் இருக்கும்.

அந்த மகனைத் தளத்துக்குள் நுழைத்து வைப்பதுதான், என் கணிப்பில், உயிலில் எழுதப்படாத பெரிய ஏற்பாடு. தச்சருக்குக் கீழ் ஏழு ஆண்டு பயிற்சி. பயிற்சிப் பையனின் கூலியை வாங்குவது ஆசானின் உரிமை. பையனுக்குச் சோறும் துணியும் கொடுத்தது போக மீதி ஆசானுக்கு. அதிகாரிகளும் நல்ல வேலைக்காரர்களும் இப்படிப் பையன்களை வைத்துக்கொண்டார்கள். ஆசான் இறந்தால் பையனை இன்னொரு தச்சரிடம் வேலை கற்க விட்டு, அவன் கூலியைக் கைம்பெண்ணே தொடர்ந்து பெற அனுமதித்த வழக்கமும் இருந்தது. ஓய்வூதியம் தராத அரசு, யாரோ ஒரு பதினைந்து வயதுப் பையனின் உழைப்பிலிருந்து அவளுக்குச் சோறு போட்டது. அந்தப் பையனின் பக்கம் நின்று பார்த்தால் இதுவும் நியாயம் இல்லை. அந்த நூற்றாண்டின் கணக்குகளில் ஒருவருக்குக் கிடைத்த ஆறுதல் பெரும்பாலும் இன்னொருவரின் மடியிலிருந்து எடுத்ததுதான். 1801ஐ ஒட்டிய சீர்திருத்தங்கள் இந்தப் பழைய முறையைக் கலைத்தன.

அதே நூற்றாண்டில் நம் நாட்டிலும் ஒரு கப்பல்தளத்தில் இந்தக் கதை நடந்தது. 1736இல் சூரத்திலிருந்து பம்பாய்க்கு வந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் தளத்தில் தலைமைத் தச்சரான பார்சி, லவ்ஜி நுசர்வான்ஜி வாடியா. 1774இல் அவர் இறந்தபோது இரண்டு மகன்களுக்கு விட்டுச் சென்றது ஒரு வீடும் 20,000 ரூபாய்க்கும் குறைந்த பணமும். ஏறக்குறைய நாற்பது ஆண்டு அவர் கட்டிய கப்பல்களின் மதிப்போடு வைத்துப் பார்த்தால் இது சொற்பம். ஆனால் மகன்கள் மாணிக்ஜியும் பொமன்ஜியும் அதற்குள் தளத்தில் வேலை கற்று நின்றிருந்தார்கள். தலைமைத் தச்சர் பதவி 1880கள் வரை அந்தக் குடும்பத்தில் தங்கியது. பேரன் ஜம்ஷெட்ஜி கட்டி 1817இல் நீரில் இறக்கிய ‘திரிங்கோமலி’, நம் திருகோணமலையின் பெயர் தாங்கிய கப்பல், இங்கிலாந்தின் ஹார்ட்ல்பூலில் இன்றும் மிதக்கிறது.

சாத்தத்தில் மகன் இல்லாத வீடுகள்? மகன் சிறுவனாக இருந்த வீடுகள்? அங்கே பெண்களே வேலைக்குப் போனார்கள். பாய்மரத் துணிக்கும் கொடிக்குமான மாடம் ஒன்று 1723இல் தளத்தில் எழுந்தது. கொடி தைக்கும் வேலையை வீட்டு ஆண்களைப் பறிகொடுத்த பெண்களுக்குக் கொடுக்கும் பழக்கம் அங்கே வளர்ந்தது. 1860களில் கயிற்றுச்சாலையில் இழை திரிக்க இயந்திரங்கள் வந்தபோது, அந்த வேலைக்கும் பெண்களை எடுத்தார்கள். தளத்திலோ கடலிலோ உழைத்தவர்களின் கைம்பெண்களுக்கும் மகள்களுக்கும் முன்னுரிமை. ஆண்களோடு கலந்துவிடக் கூடாது என்று தனி வாசல், தனிப் படிக்கட்டு வைத்தார்கள். சாப்பாட்டு நேரத்தைக்கூட மாற்றினார்கள்.

அதற்குள் நிரந்தரத் தச்சர்களுக்கு ஓய்வூதியம் முறையாக வந்துவிட்டது. அதற்காக அவர்களின் வாரக் கூலி தற்காலிகத் தச்சர்களுடையதைவிடக் குறைவாக வைக்கப்பட்டது. தங்கள் கூலியிலிருந்தே பிடித்து வைத்த பணம் இது, ஓய்வு பெறுமுன் இறந்தவனின் வீட்டுக்கு அது போக வேண்டாமா என்று தச்சர்கள் ஆண்டுக்கணக்கில் மனுப் போட்டார்கள். அவர்கள் கேட்டது சரியான கேள்வி.

1995இல் சாத்தத்தில் பழைய சக்கரப் பட்டறையின் தரையைப் பெயர்த்தபோது, அடியில் ஒரு போர்க்கப்பலின் மரங்கள் அடுக்கிக் கிடந்தன. 1756இல் அதே தளத்தில் கட்டிய ‘நமூர்’ அது என்று பின்னர் கண்டறிந்தார்கள். மரங்களில் தச்சர்கள் கீறிய குறிகள் தெளிவாக இருந்தன. அவற்றைக் கீறியவர்களில் எழுதத் தெரியாதவர் ஒருவர் இருந்திருந்தால், அதே கைதான் பிறகு ஒருநாள் உயிலின் அடியிலும் ஒரு கீறலைப் போட்டிருக்கும்.

அடுத்த வாரம்: 346 மீட்டர் நீளக் கூடம் கொண்ட கயிற்றுச்சாலையில் இழை திரித்த பெண்கள்.